புதிய ஸ்போர்ட்ஸ் காரில் திறனைக் கூட்டும் வேலைகளை எப்போது தொடங்குவது?

கேள்வி: பள்ளத்தூர் ஆறாம்கியர்

அனைவருக்கும் வணக்கம். பி.எம்.டபிள்யூ எம்2 காரை, கையால் கியர் மாற்றும் ஆறு கியர் வகையில், சென்னையில் எடுத்து அண்மையில் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். 480 குதிரைத்திறன், 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, பின்சக்கர இயக்கம். ஓடோமீட்டர் இன்னும் 2,000 கிலோமீட்டரைத் தொடவில்லை.

கோயம்புத்தூரில் ட்யூனிங் பட்டறை நடத்தும் ஒருவர், எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதும் ஸ்டேஜ் 1 ரீமேப், ஏர் இன்டேக், எக்ஸாஸ்ட், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் ஆகிய நான்கையும் ஒரே தொகுப்பாக ஆடித் தள்ளுபடியில் செய்து தருவதாகச் சொல்கிறார். வண்டி புதிதாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும், தேய்ந்த எஞ்சினில் செய்தால் முழுப் பலன் கிடைக்காது என்பது அவருடைய வாதம். என் பயன்பாடு இதுதான்: வேலை நாட்களில் தொழில் நிமித்தமாகக் காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய்வருவது, ஞாயிறு காலையில் திருமயம் வழியாகப் புதுக்கோட்டை வரை ஓட்டுவது, வாய்ப்புக் கிடைக்கும்போது இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடக்கும் ஓட்ட நாட்களில் கலந்துகொள்வது.

2,000 கிலோமீட்டர் சர்வீஸ் முடிந்தவுடன் தொடங்கலாமா, உத்தரவாதக் காலம் முடியும்வரை பொறுக்க வேண்டுமா, எதை முதலில் செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அப்பச்சியோ, "கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டியில் அப்படி என்ன குறை கண்டாய்?" என்று கேட்கிறார்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பதில்: தேவகோட்டை பழைய ஸ்டியரிங்

தம்பி, முதலில் அந்த 2,000 கிலோமீட்டர் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் பலரும் அதை ஒரு சடங்காகவே நினைக்கிறார்கள். எம் வகைக் கார்களுக்கான கையேட்டில், முதல் 2,000 கிலோமீட்டர்வரை எஞ்சினை நிமிடத்துக்கு 5,500 சுற்றுகளுக்கு மேலும் காரை மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேலும் கொண்டுபோகக் கூடாது, ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதிக்கக் கூடாது என்று இருக்கிறது. அதற்குப் பிறகும் 5,000 கிலோமீட்டர்வரை படிப்படியாகத்தான் வேகத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு இணங்கிப் படிவது இந்தக் காலத்தில்தான். எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பற்களும் ஒன்றோடொன்று உரசிப் பழகி நுண்ணிய உலோகத் துகள்களை உதிர்ப்பது இப்போதுதான் என்பதால், 2,000 கிலோமீட்டர் சர்வீஸில் எஞ்சின் ஆயிலோடு டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றுகிறார்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை புழங்கப் புழங்க மெருகேறுவதைப் போன்றது இது. பட்டறைக்காரர் சொல்லும் 'புது எஞ்சின்' உண்மையில் இன்னும் பதத்துக்கு வராத எஞ்சின். எனவே அந்தச் சர்வீஸுக்கு முன்னால் திறனைக் கூட்டும் பேச்சே வேண்டாம்.

அதன் பிறகு எப்போது என்றால், ஒரு சித்திரையும் ஒரு ஐப்பசியும் கடந்து போகட்டும் என்பேன். நம் பக்கத்து வெயிலில் இந்த டயர் எவ்வளவு பிடிக்கிறது, அடைமழையில் பின்சக்கரம் எந்த இடத்தில் வழுக்கத் தொடங்குகிறது, மூன்றாம் கியரில் எவ்வளவு மிதித்தால் இழுவைக் கட்டுப்பாட்டு விளக்கு மினுங்குகிறது என்பதெல்லாம் கைக்கும் காலுக்கும் தெரியாத நிலையில், இருக்கிற 480 குதிரைத்திறனோடு இன்னும் சேர்ப்பதால் வேகமானி மட்டும்தான் மகிழ்ச்சி அடையும். நான்குவழிச் சாலையில் கார்களுக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்சவரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர், மற்ற சாலைகளில் 70. இந்த வண்டி இப்போதுள்ள நிலையிலேயே 4.2 வினாடியில் அந்த 100-ஐத் தொட்டுவிடும்.

இருங்காட்டுக்கோட்டைக்குப் போவதாக இருந்தால் முதல் செலவு பிரேக் ஆயிலுக்கும் பிரேக் பேடுக்கும்தான். 3.7 கிலோமீட்டர் சுற்றில் திரும்பத் திரும்ப முழு வேகத்திலிருந்து பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் வெப்பம் வீதியில் ஒருபோதும் உண்டாவதில்லை. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதுவே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 டிகிரிவரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும், மிதியை அழுத்தினால் பஞ்சுபோல் உள்ளே போகும். எனக்குத் தெரிந்த ஒருவர், எக்ஸாஸ்டும் ரீமேப்பும் செய்த காரைப் பழைய பிரேக் ஆயிலோடு தடத்துக்குக் கொண்டுபோய், சில சுற்றுகளிலேயே மிதி தரைவரை இறங்கக் கண்டு வெளியே வந்துவிட்டார். தடத்துக்கு ஏற்ற பிரேக் ஆயிலும் நல்ல பேடும் போட்டுக்கொள்வதற்கு உத்தரவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சர்வீஸ் மையத்தில் கேட்டுப் பொருத்தமான தரத்தில் போட்டால் போதும். புதுப் பேடும் டிஸ்க்கும் சேர்ந்து படிய 500 கிலோமீட்டர் பிடிக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பதில்: காரைக்குடி இயந்திரவியல்

தேவகோட்டை அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் காலத்தை மட்டும் அளவுகோலாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓர் ஆண்டோ உத்தரவாதம் முடியும் நாளோ எதுவானாலும், காரின் எந்த உறுப்பு முதலில் திணறுகிறது என்று தெரிந்த பிறகுதான் எதைச் செய்வது என்று முடிவுசெய்ய முடியும். இந்தக் காரில் அது எதுவென்று ஊகிக்க உற்பத்தியாளரே நமக்கு ஒரு தடயத்தை விட்டுவைத்திருக்கிறார்.

எம்2 காரில் இருக்கும் எஸ்58 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின், இரண்டு டர்போக்களும் குளிர்நீரால் காற்றைக் குளிர்விக்கும் அமைப்பும் கொண்டது. இதே எஞ்சின் எம்4 சி.எஸ்.எல். காரில் 550 குதிரைத்திறன் தருகிறது, தானியங்கி கியர்பெட்டியோடு 650 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. 2022-இல் வெறும் 50 கார்களாக வெளிவந்த 3.0 சி.எஸ்.எல். காரிலோ இந்த எஞ்சினை 560 குதிரைத்திறன்வரை கொண்டுபோனார்கள், ஆனால் ஆறு கியர் கைமாற்றுப் பெட்டி இருந்ததால் முறுக்குவிசையை 550-இலேயே நிறுத்திவிட்டார்கள். எம்3, எம்4 கார்களின் கைமாற்று வகைகளிலும் அதே 550. இப்போதைய எம்2-இல்கூட, தானியங்கி வாங்கியவருக்கு 600, கையால் கியர் மாற்றுபவருக்கு 550. திறனைக் கூட்டத் தயங்காத ஒரு நிறுவனம் முறுக்குவிசையை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணில் பிடித்துவைக்கிறது என்றால், கிளட்ச்சும் அந்தக் கியர்பெட்டியும்தான் எல்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது பட்டறையின் ஸ்டேஜ் 1 ரீமேப் என்ன செய்கிறது என்று பாருங்கள். டர்போ அழுத்தத்தை நடுச்சுற்றுகளிலேயே கூட்டி, முறுக்குவிசையைத்தான் முதலில் பெருக்குகிறது, ஓட்டுபவருக்கு 'உடனே உதைக்கிறது' என்ற உணர்வைத் தருவது அதுதான். ஐந்தாம், ஆறாம் கியரில் குறைந்த சுற்றில் மிதித்தால் அந்தக் கூடுதல் முறுக்குவிசை முழுவதும் கிளட்ச்சில் வந்து விழும். கிளட்ச் தாங்காமல் வழுக்கினால், கார் வேகமெடுக்காமல் எஞ்சின் சுற்று மட்டும் ஏறும். அதே குறைந்த சுற்றில், நேரடி எரிபொருள் செலுத்தும் டர்போ எஞ்சின்களில், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அது ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக் கூடியது. அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் ஏ.பி.ஐ. எஸ்.பி. தரத்து எஞ்சின் ஆயில் 2020-இல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே ரீமேப் செய்தே ஆக வேண்டும் என்றால், கீழ்ச்சுற்றுகளில் முறுக்குவிசையை 550 அருகிலேயே கட்டிவைத்து, மேல்சுற்றுகளில் மட்டும் திறன் கூடும்படி வரைபடம் (எஞ்சின் கணினி பின்பற்றும் அளவுகளின் அட்டவணை) எழுதித் தர முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். உற்பத்தியாளர் 3.0 சி.எஸ்.எல்.-இல் செய்தது ஏறக்குறைய அதுவே. முடியாது என்றாலோ, கேள்வியே புரியவில்லை என்றாலோ, தள்ளுபடியை வேறொருவர் அனுபவிக்கட்டும்.

அடுத்தது நம் ஊர் வெப்பம். 15 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரிக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. டர்போ எஞ்சின் அந்தக் குறையை ஈடுகட்டக் கூடுதலாகச் சுழல்கிறது, சுழல்வதால் காற்று இன்னும் சூடாகிறது, சூடான காற்றால் கலவை தவறான நேரத்தில் வெடித்து எஞ்சின் இடிக்கத் தொடங்கினால் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தித் திறனைக் குறைத்துக்கொள்கிறது. சித்திரை மதியத்தில் காரைக்குடி ரயில்வே கேட்டில் நின்றுவிட்டுக் கிளம்பும் ஒரு ரீமேப் செய்த கார், குளிர்ந்த மேடையில் டைனோவில் (திறனை அளக்கும் இயந்திரத்தில்) காட்டிய எண்ணை வீதியில் தராது. பெட்ரோலும் அப்படித்தான். இப்போது எல்லா இடத்திலும் கிடைப்பது 95 ஆக்டேன் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது; ஆக்டேன் எண் கூடக் கூட இடிப்பைத் தாங்கும். 100 ஆக்டேன் பெட்ரோல் பெருநகரங்களில் சில பங்குகளில் கிடைக்கிறது. 100-ஐ நம்பி எழுதிய வரைபடத்தோடு தேவகோட்டையில் டேங்கை நிரப்பினால், காசு கொடுத்து வாங்கிய கூடுதல் திறனைக் கணினியே திரும்ப எடுத்துக்கொள்ளும். எழுதச் சொல்வதாக இருந்தால் நம் ஊரில் கிடைக்கும் பெட்ரோலுக்கு எழுதச் சொல்லுங்கள்.

ஏர் இன்டேக் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தனியாக மாற்றினால் சத்தம் மாறும், வேறெதுவும் பெரிதாக மாறாது.

பதில்: கோட்டையூர் ஆச்சி

நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவள். இங்கே யாரும் சட்டத்தைத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்தும் பதிவுச் சான்றில் இருப்பதிலிருந்தும் விவரங்கள் வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஸ்டேஜ் 2 என்ற பெயரில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு டவுன்பைப் என்ற வெறும் குழாயைப் போடுவது மாசுக் கட்டுப்பாட்டு விதிகளையும் நேராக மீறுவதாகும். வீதியில் ஓடும் காருக்கு அதற்கு ஏற்ற காலம் என்று ஒன்று இல்லவே இல்லை, உத்தரவாதம் முடிந்தாலும் இல்லை.

காப்பீட்டுக்கு வருவோம். தனியார் கார்களுக்கான வழக்கமான பாலிசியில், பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பயன்படுத்தினால் பாதுகாப்பு இல்லை என்ற வாசகம் இருக்கும். தட ஓட்ட நாளை நாம் பொழுதுபோக்கு என்போம், நிறுவனம் வேகச் சோதனை என்று வாதிட இடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் தடுப்புச் சுவரில் மோதினால் செலவு முழுவதும் உங்களுடையது என்று வைத்துக்கொண்டே போங்கள். வீதி விபத்திலும், தெரிவிக்காத ரீமேப்போ எக்ஸாஸ்டோ ஆய்வாளரின் அறிக்கையில் ஏறிவிட்டால், கோரிக்கை மாதக்கணக்கில் இழுபடும், நிராகரிக்கவும்படலாம். மூன்றாம் நபருக்கு நிறுவனம் தொகையைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதித்த வழக்குகளும் உண்டு.

இன்னொன்றும் கேட்டிருக்கிறேன்: "சர்வீஸுக்குப் போகும் முன்னர் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது" என்பார்கள். கணினியில் மென்பொருள் மாற்றப்பட்ட தடம் தங்கிவிடும் என்பதால் இந்தத் துணிச்சல் பெரும்பாலும் பலிப்பதில்லை. கணினியைத் தொடாமல் இடையில் மாட்டும் பெட்டிகளும் அழுத்த உணரியின் அளவைக் குறைத்துக் காட்டி எஞ்சினை ஏமாற்றுபவைதாம், கழற்றிவிட்டாலும் எஞ்சின் பட்ட பாடு பட்டதுதான். எதை மாற்றுவதானாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அப்பச்சி கேட்ட கேள்விக்கும் அந்தக் கடிதம் பாதிப் பதிலாக இருக்கும்.

பதில்: சிங்கப்பூர் கானாடுகாத்தான்

எல்லோரும் பொறு, பொறு என்றே சொல்வதால் எதிர்ப்பக்கத்தையும் ஒருவர் பேச வேண்டும். உத்தரவாதமும் அதன் நீட்டிப்பும் முடியும்வரை காத்திருப்பவர் பெரும்பாலும் அதற்குள் அந்தக் காரை விற்றுவிடுகிறார் என்பதே நான் பார்த்த உண்மை. செலவு ஒன்றுதான் என்றால், முதல் ஆண்டில் செய்தவர் அதை நான்கு ஆண்டுகள் அனுபவிக்கிறார், கடைசி ஆண்டில் செய்தவர் ஓர் ஆண்டு அனுபவிக்கிறார். அதோடு, தொடக்கத்திலேயே கழற்றிவைத்த ஒரிஜினல் சக்கரம், ஸ்பிரிங், எக்ஸாஸ்ட் எல்லாம் தேயாமல் புதிதாகவே இருக்கும், விற்கும்போது திரும்ப மாட்டினால் கார் மதிப்பு இறங்காது. அடுக்குமாடியில் இருக்கும் எங்களுக்குத்தான் கழற்றிய எக்ஸாஸ்டை எங்கே வைப்பது என்ற கவலை, பள்ளத்தூரில் இரண்டாம் கட்டில் பூட்டியே கிடக்கும் அறைகளுக்கு என்ன பஞ்சம்?

ஆனால் இந்த வாதம் கழற்றி மாட்டக் கூடியவற்றுக்கு மட்டும்தான். ரீமேப்புக்கு இது பொருந்தாது என்பதை ஆச்சி சொன்ன பிறகு நான் மறுக்கப் போவதில்லை.

கேள்வி கேட்டவர்: பள்ளத்தூர் ஆறாம்கியர்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. முறுக்குவிசை பற்றிய கேள்வியைப் பட்டறைக்காரரிடம் கேட்டேன். "எல்லோருக்கும் போடுவதையேதான் உங்களுக்கும் போடுவோம்" என்றார், எனவே ரீமேப்பை இப்போதைக்கு விட்டுவிட்டேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன். ஸ்பிரிங் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. கார் சற்று உயரமாக நிற்பதுபோல் கண்ணுக்குப் படுகிறது. சிங்கப்பூர் அண்ணன் சொன்னபடி அதை இப்போதே செய்துகொள்ளலாமா?

பதில்: தேவகோட்டை பழைய ஸ்டியரிங்

தம்பி, பள்ளத்தூரிலிருந்து பெரிய சாலையைப் பிடிப்பதற்குள் வரும் வேகத்தடைகளை இப்போதுள்ள உயரத்தில் எப்படிக் கடக்கிறீர்கள் என்று முதலில் கவனியுங்கள். அவற்றில் பல கோடு போடாதவை, அளவுக்கு அடங்காதவை. முன்பக்க பம்பரின் கீழ் உதடு ஏற்கனவே உரசுகிறது என்றால், தாழ்த்திய பிறகு வாரம் ஒருமுறை உரசும். இந்தக் காரில் இருப்பது மின்னணுவால் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர், அது இப்போதுள்ள ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி அளவு வைத்தது. வேறு ஸ்பிரிங் போட்டால் அசைய மிச்சமிருக்கும் தூரம் குறைந்து, பள்ளத்தில் விழும்போது அடியில் போய் முட்டும். பின்சக்கரத்தில் 285 மில்லிமீட்டர் அகலமும், அதில் 30 சதவீதப் பக்கச்சுவர் உயரமும் கொண்ட டயர். பக்கச்சுவர் ஒன்பது சென்டிமீட்டர்கூட வராது. முட்டும் அதிர்ச்சியில் டயரும் ரிம்மும் சேர்ந்தே போகும், அவை காரைக்குடிக் கடையில் தொங்குபவை அல்ல.

அழகுக்காக என்றால் என் பதில் வேண்டாம் என்பதே. தடத்தில் வளைவில் கார் அளவுக்கு மீறிச் சாய்கிறது, முன்பக்கம் உள்ளே திரும்ப மறுக்கிறது என்று இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டிப் பார்த்து உணர்ந்தால் அப்போது சொல்லுங்கள். ஸ்பிரிங்குக்கு முன்னால் வீல் அலைன்மென்ட்டைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம், செலவும் சில ஆயிரம்தான்.

அதற்கு இப்போதே ஒன்று செய்துவையுங்கள். 2,000 கிலோமீட்டர் சர்வீஸ் முடிந்த கையோடு, எதையும் மாற்றாத நிலையில் நான்கு சக்கரங்களின் அலைன்மென்ட் அளவை அச்செடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 5,000 கிலோமீட்டரும் கடந்து எஞ்சின் நன்றாகப் பழகிய பிறகு, நம் ஊரில் நிரப்பிய பெட்ரோலோடு ஒரு டைனோ ஓட்டமும் எடுத்து, அன்றைய வெப்பநிலையையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னால் யாராவது "முப்பது குதிரைத்திறன் கூட்டிவிட்டோம்" என்று சொன்னால், எதிலிருந்து கூட்டினார்கள் என்று கேட்க உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும்.